வெளித்தொட்டியில் செர்ரி இறால்: குஞ்சுகள் ஏன் தங்குவதில்லை?

முதன்முதலாக வெளியில் வைத்த தொட்டியில், அழகுக்காக வளர்க்கும் சிறிய நன்னீர் இறாலான செர்ரி இறால்கள் இருபதை விட்டேன். ஒரே மாதத்தில் இரண்டு பெண் இறால்கள் வயிற்றடியில் முட்டைகளோடு திரிந்தன. அப்புறம் பாசிக்கொத்துக்குள் கண்ணாடித் துணுக்கு மாதிரி குஞ்சுகள். மூன்றாம் மாதம் பார்த்தால் தொட்டி வெறிச்சோடிக் கிடந்தது. தண்ணீரைச் சோதித்தேன், குறை ஒன்றும் தெரியவில்லை. செத்துக் கிடந்த இறால் ஒன்றுகூட இல்லை. கடைசியில் தண்ணீரை முழுக்க இறைத்தபோது, அடியில் கிடந்த சருகுகளுக்கு நடுவே சருகின் நிறத்திலேயே பதினொரு தும்பிப் புழுக்கள் இருந்தன.

செர்ரி இறாலை இனப்பெருக்கம் செய்ய வைக்க நாம் பாடுபட வேண்டியதே இல்லை. பிறந்த குஞ்சைக் காப்பாற்றுவதில்தான் வெளித்தொட்டி வைத்திருப்பவர் தோற்றுப்போகிறார். நான் செய்ததும், மற்றவர்கள் செய்யக் கண்டதுமான தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

இனத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது

வெளித்தொட்டிக்கு ஏற்றது நியோகரிடினா டேவிடி என்ற இனம். செர்ரி, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று பல நிறங்களில் கிடைப்பவை எல்லாம் இந்த ஒரே இனத்திலிருந்து பிரித்தெடுத்தவைதான். குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். பெண் இறால் ஓடு கழற்றிய கையோடு இணை சேரும். பிறகு இருபது முப்பது முட்டைகளை, பெரிய பெண்ணானால் இன்னும் கூடுதலாக, வயிற்றடியில் சுமந்துகொண்டு நீந்தும். சூட்டைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் முட்டை பொரியும். பிறக்கும்போதே குஞ்சு தாயின் உருவத்தில்தான் இருக்கும். இடையில் மிதந்து அலையும் புழுப்பருவம் கிடையாது. சாதாரணத் தொட்டியிலேயே இவை பெருகுவதற்கு இதுதான் காரணம்.

அமானோ இறால் அப்படியல்ல. பாசி தின்பதில் கெட்டிக்காரன் என்பதால் பலர் ஆசையாக வாங்குகிறார்கள். நன்னீரில் முட்டையும் சுமக்கும். ஆனால் பொரிந்து வரும் நுண்புழு வளர உப்புத்தண்ணீர் வேண்டும். நன்னீர்த் தொட்டியில் அது சில நாட்களில் இறந்துவிடும். அமானோவைப் பாசி தின்ன விடலாம், குஞ்சு எதிர்பார்க்கக் கூடாது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கிரிஸ்டல் இறாலுக்குக் குளிர்ந்த மென்னீர் வேண்டும். வெயிலில் ஏறி இறங்கும் தொட்டி அதற்குச் சரிவராது.

இன்னொரு தவறு, அழகுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் மஞ்சளையும் ஒரே தொட்டியில் விடுவது. ஒரே இனமாதலால் கலந்து இணை சேரும். சில தலைமுறையில் காட்டு இறாலைப் போல மங்கிய பழுப்பிலும் நிறமற்றும் குஞ்சுகள் வரத் தொடங்கும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் போதும். மேலிருந்து பார்க்கும் தொட்டிக்குச் சிவப்பை விடுவதே என் விருப்பம். கருநீல இறால் நல்ல நிறம்தான், ஆனால் இருண்ட அடித்தளத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கண் வலித்துவிடும்.

தொட்டி, வெயில், அவசரம்

ஐம்பது லிட்டருக்குக் குறைந்த தொட்டியை வெளியில் வைக்காதீர்கள். நூறு லிட்டருக்கு மேல் இருந்தால் இன்னும் நிம்மதி. சிறிய தொட்டியின் தண்ணீர் காலையில் குளிர்ந்து, மதியம் கொதித்து, இரவில் மறுபடி குளிரும். மெதுவாக வரும் மாற்றத்தை இந்த இறால் நன்றாகவே தாங்கிக்கொள்ளும். ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் அதைக் கொல்கிறது. மெல்லிய சுவருள்ள கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை மதிய வெயில் படும் இடத்தில் வைப்பதைவிட மோசமான தொடக்கம் கிடையாது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டு, அதன்பின் நிழல் விழும் இடமே சரி. தொட்டியைத் தரையில் பாதி புதைத்தால் மண்ணே சூட்டைச் சமன் செய்துவிடும்.

தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெண் இறால்கள் முட்டையை உதிர்க்கத் தொடங்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். பலர் கவனிக்காத இன்னொரு விஷயமும் உண்டு: குஞ்சு ஆணா பெண்ணா என்பதில் சூட்டுக்குப் பங்கிருக்கிறது. 20 டிகிரியில் வளர்பவற்றில் பெண்கள் மிகுதி, 26 டிகிரியில் ஆண்கள் மிகுதி. எப்போதும் சூடாகவே இருக்கும் தொட்டி வரவரப் பெருக்கம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

புது சிமெண்ட் தொட்டியில் நேராக இறால் விடுவது அடுத்த தவறு. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தும். சில வாரங்கள் தண்ணீர் நிரப்பி, வடித்து, மறுபடி நிரப்பிப் பழக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வாளி, செம்புக்குழாய், செம்பு கலந்த மீன் மருந்து இவையெல்லாம் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. மீனைக் குணப்படுத்தும் அதே அளவு செம்பு இறாலைக் கொன்றுவிடும்.

சரி, தொட்டி தயார் என்றால் உடனே இறாலை விடலாமா? கூடாது. செடி, பாசி, கொஞ்சம் சருகு போட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் சும்மா விடுங்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஊன்ற அவ்வளவு காலம் பிடிக்கும். சுவரிலும் இலையிலும் வழவழப்பான ஒரு படலம் படியும். அழுக்கென்று அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். குஞ்சு இறாலின் முதல் வாரச் சோறு அதுதான். படலம் இல்லாத புதுத்தொட்டியில் குஞ்சு கண்ணில் படாமலேயே பட்டினியில் போய்விடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் கலந்த தண்ணீர் அப்படிப் போகாது, அதற்கென்று உள்ள மருந்தைச் சேர்த்தே ஆக வேண்டும். இறாலை விடும் நாளில் பையை அப்படியே கவிழ்க்காமல், மெல்லிய குழாய் வழியே தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் பழக்கி, சாயங்காலமாக விடுங்கள்.

மழையும் ஆவியும்

வெளித்தொட்டியின் தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். நீர்தான் ஆவியாகும், அதில் கரைந்த உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததைக் கடினத் தண்ணீர் கொண்டு நிரப்பிக்கொண்டே போனால், மாதங்கள் செல்லச் செல்ல உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் 150க்கும் 300க்கும் இடையே, பெரிதாக ஆடாமல் நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால், குறைந்ததை உப்புக் குறைவான தண்ணீரால், உதாரணமாகச் சுத்தமாகப் பிடித்த மழைநீரால் அல்லது ஆர்ஓ தண்ணீரால், நிரப்புங்கள்.

பெருமழை இதற்கு நேர்மாறு. ஒரே இரவில் தொட்டியில் பாதிக்குப் பாதி உப்பில்லாத நீர் வந்து சேரும். இந்த அதிர்ச்சியில் இறால்கள் பருவம் வருமுன்னே ஓடு கழற்ற முயலும், பாதியில் சிக்கிக்கொள்ளும். தலைக்கும் உடலுக்கும் நடுவே வெள்ளை வளையம் விழுந்திருந்தால் அந்த இறால் பிழைப்பது அரிது. ஒரே மூச்சில் பாதித் தண்ணீரை மாற்றினாலும் இதே கதிதான். பத்து சதவீதம் மாற்றுங்கள், அதுவும் தேவையென்றால் மட்டும். மழை கனத்துப் பெய்யும் காலத்தில் தொட்டிக்கு மேல் சாய்வாக ஒரு தகடோ ஷீட்டோ வையுங்கள்.

மழையில் வழிந்தோடும் நீரோடு குஞ்சுகளும் போகும். குஞ்சின் நீளம் இரண்டு மில்லிமீட்டர்தான். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு துளையிட்டு, அதில் ஸ்பாஞ்சைச் செருகிவிட்டால் நீர் மட்டும் வெளியேறும். பம்ப் வைத்திருந்தால் உறிஞ்சும் வாயிலும் ஸ்பாஞ்சு கட்டாயம் வேண்டும்.

வெள்ளை வளையம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போல ஒரு முழு இறால் அடியில் கிடந்தால் பதற வேண்டாம், அது கழற்றிப் போட்ட ஓடு. எடுத்து எறியாதீர்கள், அதில் இருக்கும் தாதுக்களுக்காக இறால்களே அதைத் தின்னும். வேக வைத்தது போல இளஞ்சிவப்பாகக் கிடந்தால்தான் செத்த இறால்.

தும்பி

வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அதனால் அவர்கள் சொல்லும் யோசனைகளில் இது வருவதும் அரிது. வெளியில் தேங்கிய நீர் எங்கிருந்தாலும் தும்பி தேடி வரும். வாலை நீரில் தொட்டுத் தொட்டு முட்டையிடும். பொரிந்து வரும் புழு, இனத்துக்கேற்ப மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வாழும். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் உதட்டை நொடியில் நீட்டி இரையைக் கவ்வி இழுத்துவிடும். ஒன்றுமே அசையாத மாதிரி இருக்கும், இறால் மட்டும் குறைந்துகொண்டே வரும். செத்த உடல் கிடைக்காததன் காரணமும் இதுதான்.

ஊசித்தும்பி இன்னும் நுணுக்கமான வேலை செய்யும். அது நீர்ச்செடியின் தண்டைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். ஆகவே வேறொரு குளத்திலிருந்து கொண்டுவந்த செடியோடு முட்டையும் வந்துவிடும். அந்தப் புழுவின் வால் நுனியில் இலை போன்ற மூன்று தட்டுகள் இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். புதுச்செடியை நேராகத் தொட்டியில் போடாமல், தனி வாளியில் சில வாரங்கள் வைத்து, புழு எதுவும் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. நாற்றங்காலில் பூச்சிமருந்து அடித்திருந்தாலும், வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றும்போது அது ஓரளவு கழுவிப் போகும்.

தும்பிக்கு நம்பகமான மருந்து எதையும் நான் கண்டதில்லை, கொசுவலைதான் வழி. வலையை நீரில் படாமல், ஒரு சாண் உயரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். நீரில் தொய்ந்து கிடந்தால் தும்பி வலை வழியாகவே முட்டையிட்டுவிடும். கொசுவும் நுழையாது, மீன்கொத்தியும் தவளையும் தள்ளி நிற்கும். வாரம் ஒருமுறை இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் இறால்கள் மேய வெளியே வரும், அவற்றை வேட்டையாடுபவையும் தென்படும்.

வலை கட்ட மறந்து கொசுப்புழு வந்துவிட்டால், கப்பி மீனை விடுவது பலரின் பழக்கம். கொசுப்புழு ஒழியும், கூடவே இறால் குஞ்சும் ஒழியும். வாயில் அடங்கும் குஞ்சைத் தின்னாத மீன் மிகக் குறைவு. கொசுவுக்கான பூச்சிக்கொல்லியை ஊற்றினால் தாய் இறால்களும் மிஞ்சாது. இறாலும் பூச்சிகளைப் போலவே கணுக்காலிதான், பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து இதையும் அதே மாதிரி தாக்கும். இறாலைக் கொல்ல பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து மிகச் சொற்ப அளவே போதும். பிடிஐ என்று சுருக்கமாகச் சொல்லும் பாக்டீரியா மருந்து மட்டும் கொசுப்புழு மாதிரியான புழுக்களின் குடலில்தான் வேலை செய்யும். சரியான அளவில் போட்டால் இறாலுக்குத் தொல்லையில்லை.

கொசுவிரட்டி களிம்பு தடவிய கையைத் தண்ணீரில் விடுவதும், உண்ணி மருந்து போட்ட நாயைத் தொட்டித் தண்ணீரைக் குடிக்க விடுவதும் இதே வகையில் சேரும். பக்கத்துச் செடிக்கு மருந்து அடிக்கும் நாளில் தொட்டியை மூடிவையுங்கள்.

தீனியும் செடியும்

பாசி பிடித்த வெளித்தொட்டியில் இறாலுக்குத் தினமும் தீனி போட வேண்டிய அவசியமே இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஓரிரு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மீந்ததை எடுத்துவிடுங்கள். மிச்சத் தீனி அழுகினால் ஆக்சிஜன் குறையும், தட்டைப்புழுவும் ஹைட்ராவும் பெருகும். இவை சின்னக் குஞ்சைப் பிடித்துத் தின்னக்கூடியவை. தீனியைவிட உபகாரமானது காய்ந்த நாட்டு வாதாம் இலைதான். பச்சை இலையாகவோ மருந்தடித்த மரத்தின் இலையாகவோ இருக்கக் கூடாது.

மிதக்கும் செடி நல்ல நிழல் தரும். ஆனால் பாதிப் பரப்புக்கு மேல் விடாதீர்கள். செடியும் இரவில் ஆக்சிஜனை எடுக்கும். முழுக்க மூடிய தொட்டியில் விடியற்காலைதான் ஆபத்தான நேரம். இறால்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு ஏறி விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே செடியைக் குறைத்து, காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் ஒன்றைப் போடுங்கள். குஞ்சு ஒளிய ஜாவா பாசி, வேலம்பாசி மாதிரி அடர்ந்த செடி நீருக்குள் வேண்டும். கல்லை அடுக்கி அலங்கரிப்பதைவிட ஒரு கொத்துப் பாசி மேல்.

பெருகிய பிறகு

ஐந்தாறு மாதத்தில் தொட்டி நிறைந்திருந்தால், பெரிய அழகான பெண்களையெல்லாம் முதலில் எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். நிறம் செறிந்த சினை இறால்கள்தான் அடுத்த தலைமுறையின் தாய்கள். மங்கிய நிறத்தவற்றையும் தேவைக்கு மிஞ்சிய ஆண்களையும் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஒன்றிரண்டு ஆண்டுக்கொருமுறை வேறு கூட்டத்திலிருந்து அதே நிறத்தில் சில இறால்களைக் கொண்டுவந்து சேர்ப்பது நல்லது. அவற்றைச் சில வாரம் தனியே வைத்து, மூக்கு நுனியில் வெள்ளைப் புழுக்களோ வயிற்றடியில் பச்சைப் படலமோ இல்லை என்று உறுதி செய்த பிறகே கலக்க வேண்டும்.

மிஞ்சியதை ஏரியிலோ ஓடையிலோ விடாதீர்கள். வெந்நீர் கலக்கும் ஓர் ஓடையில், ஜெர்மனியில்கூட, இந்த இறால் தானாகப் பெருகி நிலைபெற்றுவிட்டது. வெப்ப நாடுகளில் அதற்கு வெந்நீர்கூடத் தேவைப்படாது. தொட்டியை இறைக்கும் தண்ணீரையும் ஓடைக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றாமல், செடிகளுக்கு மண்ணில் ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் மெல்லிய துணியில் ஒருமுறை வடிகட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் அதில் ஏழெட்டுக் குஞ்சுகள் தங்கியிருக்கும்.