ஈடாக்கோ: தலைக்குள் இருக்கும் ‘சோறு’ வீணாகாமல் சமைக்க

ஜப்பானில் செத்தோ உள்நாட்டுக் கடலை ஒட்டிய ஹியோகோ, ஒகயாமா, ககாவா பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை ஈடாக்கோ என்னும் சிறிய ஆக்டோபஸுக்குத் தனி மவுசு. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பெரிய ஆக்டோபஸின் குஞ்சு என்று நினைத்து வாங்கக் கூடாது. இது தனி இனம், முழுதாக வளர்ந்தாலே இவ்வளவுதான்.

இந்த மாதங்களில் பெண் ஈடாக்கோவின் தலை நிறைய முட்டை இருக்கும் (தலை என்கிறோமே தவிர, அது உடற்பைதான்). வெந்தால் சோற்றுப் பருக்கை போலவே தெரியும். இலையுதிர் காலத்தில் கிடைக்கும் ஈடாக்கோவில் இந்த முட்டை இருக்காது. டெம்புராவுக்கு (மாவில் தோய்த்துப் பொரிப்பது) அந்த ஈடாக்கோ போதும், ஆனால் முட்டைக்கான விலை கொடுத்து ஏமாற வேண்டாம். தலை புடைத்து இறுக்கமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

கடலில் நீங்களே பிடித்தால் ஒரு விஷயத்தில் அசட்டை கூடாது. ஈடாக்கோவுக்குக் கைகள் தொடங்கும் இடத்தில், கண்ணுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாகப் பொன்னிற வளையம் இருக்கும். உடலெங்கும் நீல வளையங்கள் தெரிந்தால் அது நச்சு ஆக்டோபஸ். தொடவே வேண்டாம், அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

சுத்தம் செய்யும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெரிய ஆக்டோபஸுக்குச் செய்வதுபோல் தலையை உள்வெளியாகப் புரட்டினால் முட்டைப் பை கிழிந்துவிடும். தலையின் விளிம்பை லேசாகத் தூக்கி, உள்ளே ஒட்டியிருக்கும் தசைப்பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மைப்பையையும் குடலையும் மட்டும் மெதுவாக இழுத்தெடுங்கள். முட்டை அப்படியே இருக்கட்டும். கண்களையும், கைகளுக்கு நடுவே உள்ள அலகையும் நீக்குங்கள். பிறகு உப்பு போட்டுப் பிசைந்து, நுரைத்து வரும் வழுவழுப்பு போகக் கழுவ வேண்டும். உறிஞ்சிகளுக்குள் மணல் ஒளிந்திருக்கும், ஒவ்வொரு கையாக உருவி விடுங்கள். உப்பைக் கழுவாமல் விட்டால் குழம்பு கரிக்கும்.

அடுத்த தவறு, தலையையும் கைகளையும் ஒரே நேரம் வேகவைப்பது. கைகளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், தாண்டினால் ரப்பராகிவிடும். முட்டை உள்வரை வேக பத்து நிமிடமாவது வேண்டும். ஆகவே இரண்டையும் வெட்டிப் பிரித்து, தலையின் திறந்த பக்கத்தைப் பல் குத்தும் குச்சியால் தைத்துவிடுங்கள். தைக்காவிட்டால் பருக்கையெல்லாம் குழம்பில் மிதக்கும்.

அரை கிலோவுக்கு தாஷிச் சாறு (கடற்பாசி, உலர்மீன் ஊறிய சாறு) 200 மி.லி., சாக்கே (அரிசி மது) 50 மி.லி., மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), சோயா சாஸ் தலா 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி. கொதி வந்ததும் கைகளைப் போட்டு, சுருண்டு சிவந்ததும் எடுத்து வையுங்கள். அதே சாற்றில் தலைகளைச் சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். தளதளவென்று கொதித்தால் தோல் உரிந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகே கைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். சாறு ஆற ஆறத்தான் சுவை உள்ளே இறங்கும். சுடச்சுடப் பரிமாறினால் மேலே மட்டும் உப்பும் இனிப்பும் தெரியும். குச்சியை உருவிவிட்டுத் தலையை இரண்டாக வகிர்ந்து வையுங்கள்.