வெளிச்சம் குறைந்த மீன் தொட்டியில் செடிகள் தேறிய விதம்

என் இரண்டடி மீன் தொட்டியில் அனுபியாஸ், ஜாவா பெரணி, கிரிப்டோகோரைன் ஆகிய மூன்று நீர்ச்செடிகளும் ஒரே சமயத்தில் நலிந்தபோது, விளக்கின் ஒளியைக் கூட்டும்படிதான் பலரும் சொன்னார்கள். ஆனால் இவை நிழலிலும் வளரும் இயல்புடையவை; கரியமில வாயு தனியாகச் செலுத்தாத தொட்டியில் ஒளியை மட்டும் கூட்டினால், மெதுவாக வளரும் இலைகளின் மேல் பாசிதான் படரும் என்பதால், விளக்கைத் தொடாமல் ஒவ்வொரு செடியாக ஆராய்ந்தேன்.

அனுபியாஸின் கிடைத்தண்டு (இலையும் வேரும் கிளம்பும் தடித்த தண்டு) புதைக்கக் கூடாதது; அது சரளைக்குள் புதைந்து, ஒரு முனை கூழாகி நாற்றமடித்தது. உறுதியான பச்சைத் திசு தெரியும்வரை கூரிய கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பருத்தி நூலால் மரக்கட்டையில் கட்டினேன். நூல் இற்றுப்போவதற்குள் வேர்கள் கட்டையைப் பற்றிக்கொண்டன.

ஜாவா பெரணியின் முதிர்ந்த இலைகளில் மட்டும் ஊசித் துளைகளும் அவற்றைச் சுற்றி மஞ்சளும் தெரிந்தன. பொட்டாசியம் குறைந்தால் செடி அதைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துப் புதியவற்றுக்கு அனுப்பும் என்பதால், வாரந்தோறும் நீர் மாற்றும்போது பொட்டாசியம் சல்பேட் கரைசலைச் சிறிதளவு சேர்த்தேன். துளை விழுந்த இலை ஆறாது. புதிதாகத் துளை விழாததே தேறியதற்கு அடையாளம். (இலையின் அடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் வித்துப்பைகள், அவற்றை நோயென்று கிள்ளிவிட வேண்டாம்.)

இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டி, இடமோ நீரோ மாறினாலே இலைகளைக் கரைத்துவிடும். கரைந்தவற்றை அகற்றி, வேரருகே உரமாத்திரை ஒன்றைப் புதைத்து, பிடுங்கிப் பார்க்காமல் விட்டதில் அதுவும் மீண்டும் துளிர்த்தது.