ரப்பர் பால் கொள்முதலுக்கு ஒரு தகவல் முறைமை அமைப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பகுதியில் ரப்பர் பால் கொள்முதல் செய்பவர் கணினியில் முதலில் உருவாக்க வேண்டியவை மூன்று அட்டவணைகள்: விவசாயிகள், அன்றாட வரவு, அன்றாட விலை. ஒரே பெயரில் பலர் இருக்கக்கூடும் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனி எண் தர வேண்டும். வரவில் விவசாயியின் எண், தேதி ஆகியவற்றுடன் பாலின் எடையையும் உலர் ரப்பர் விழுக்காட்டையும், அதாவது பாலின் எடையில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதையும், பதிந்தால் போதும். 20 கிலோ பாலில் 35 விழுக்காடு எனில் 7 கிலோ உலர் ரப்பர் என்பதையும் அதற்குரிய தொகையையும் முறைமையே கணக்கிடும்.

உள்ளீட்டைச் சரிபார்ப்பதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். 35க்குப் பதிலாக 53 என்று பதிவாகிவிட்டால், கணக்கீடு பிழையின்றி நடந்தாலும் விவசாயிக்குச் சேரும் தொகை தவறாகவே இருக்கும். ஆகவே 25 முதல் 45 வரை என ஓர் எல்லை வகுத்து, அதற்கு வெளியே வரும் எண்ணை முறைமை மறுபடியும் கேட்டு உறுதி செய்யுமாறு அமைக்க வேண்டும். பழைய விலையை அழிக்காமல் தேதியுடன் சேமிக்க வேண்டும். ரசீது, மாத அறிக்கை இரண்டையும் இந்த மூன்று அட்டவணைகளிலிருந்தே எடுக்கலாம்.