மீனையும் விடாமல் பாதரசத்தையும் சேர்த்துக்கொள்ளாமல் சாப்பிடுவது எப்படி?

மீனில் பாதரசம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மீனையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் கர்ப்பிணிகள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நிறுத்தாதீர்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு மீனில் நன்றாகக் கிடைக்கிறது. எந்த மீனை வாங்குகிறோம் என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

காரணம் தெரிந்தால் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நிலக்கரி எரியும்போதும், சிறு தங்கச் சுரங்கங்களில் பாதரசம் கலந்து தங்கத்தைப் பிரித்தெடுக்கும்போதும் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலந்து, மழையோடு இறங்கி ஆறு, ஏரி, கடல் என்று போய்ச் சேர்கிறது. அங்கே காற்றுப்படாத அடிச்சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக, அதாவது உயிர்களின் உடலில் எளிதாகச் சேரும் நச்சு வடிவமாக, மாற்றிவிடுகின்றன. தண்ணீரில் இருந்து பாசிக்கு, பாசியைத் தின்னும் நுண்ணுயிருக்கு, அதைத் தின்னும் சின்ன மீனுக்கு, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறி, கடைசி மீனில் தண்ணீரில் இருந்ததைப் போல் பல லட்சம் மடங்காக நிற்கிறது. ஆக, பிற மீன்களை வேட்டையாடி, பல வருடம் வாழும் பெரிய மீன்தான் ஆபத்து. சுறா, வாள்மீன், மார்லின், பெரிய சூரை எல்லாம் இந்த வகை. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் மிகக் குறைவு.

எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனமும் ஐநா உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு மெத்தில் பாதரசத்துக்கு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். வாள்மீனில் கிலோவுக்குச் சராசரியாக 1 மில்லிகிராம் அளவில் பாதரசம் இருக்கிறது, அப்படியென்றால் 150 கிராம் துண்டு ஒன்றிலேயே 150 மைக்ரோகிராம், ஒரே வேளையில் வார வரம்பு தாண்டிவிட்டது. அதே 150 கிராம் மத்தியில் சுமார் 2 மைக்ரோகிராம்தான்! டின்னில் அடைத்த சூரை வாங்குகிறவர்கள் அல்பகோர் வகையைத் தவிர்த்து ஸ்கிப்ஜாக் வாங்கலாம், அல்பகோரில் ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கிறது.

தோலை உரிப்பது, கொழுப்பை நீக்குவது, மஞ்சள் போட்டு அலசுவது, நன்றாக வேகவைப்பது எதுவுமே உதவாது. மெத்தில் பாதரசம் தசையில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சாப்பிடும் சதையே அதுதான்.

குழந்தை பெற நினைப்பவர்கள் கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பிப்பதைவிட ஆறு மாதம் முன்பே மீனை மாற்றுவது நல்லது. உடலில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 50 முதல் 70 நாள் ஆகிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மினமாட்டா. ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில் சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மெத்தில் பாதரசக் கழிவு வளைகுடாவில் கலந்தது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று சுழன்று விழுந்தன, 1956 மே மாதம் மனிதர்களிடம் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. விரலும் உதடும் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை சுருங்கி எதிரில் இருப்பது மட்டும் தெரிவது, பேச்சு குழறுவது என்று நோய் ஏறிக்கொண்டே போனது. பெரிதாக எந்தத் தொந்தரவும் இல்லாத தாய்மார்களுக்குக்கூட மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று அன்று நம்பியிருந்தார்கள். மெத்தில் பாதரசமோ அதைத் தாண்டிப் போய், தாயின் ரத்தத்தைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதிகமாகச் சேர்கிறது. சரி, நாம் சாப்பிடும் அளவுக்கு மினமாட்டா அளவு பாதிப்பு வராது, ஆனால் வளரும் மூளைக்குக் குறைந்த அளவும் கணக்கில் வரும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள், பால் வழியாகப் போவது குறைவு.

நிறைய பெரிய மீன் சாப்பிட்டுவிட்டோமே என்று சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தம் அல்லது தலைமுடியைச் சோதிக்கலாம். சிறுநீர்ச் சோதனை இதற்குச் சரிப்படாது, மெத்தில் பாதரசம் பெரும்பாலும் மலத்தில்தான் போகிறது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தலையை ஒட்டிய மூன்று சென்டிமீட்டரில் கடந்த மூன்று மாதக் கணக்கு அப்படியே எழுதியிருக்கும். உடலைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று விற்கும் பொடி, மாத்திரைகளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பெரிய மீனை நிறுத்தினால் அளவு தானே இறங்கும்.

அப்புறம், வீட்டில் பழைய பாதரச தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ எடுக்காதீர்கள், இரண்டும் பாதரசத்தைச் சிதறடித்து ஆவியைப் பரப்பும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, தடித்த அட்டை இரண்டால் உருண்டைகளைத் தள்ளிச் சேர்த்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுத்து, மூடி இறுகும் பாட்டிலில் போட்டு, ஆபத்தான கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் அது போய்ச் சேர்வது அந்தப் பாக்டீரியாக்கள் இருக்கும் சேற்றுக்குத்தான்.