ஆப்ட் கேட்டதும் ஒய் தட்டாதீர்கள்

உபுண்டு, டெபியன், மிண்ட் என்ற லினக்ஸ்களில் எது வைத்திருந்தாலும் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், மென்பொருள் நிறுவ ஆப்ட் என்ற கருவி ஒன்றே போதும். முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுங்கள் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது). பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இது எதையும் புதுப்பிக்காது. எந்தப் பொதிக்கு (பேக்கேஜ், நிறுவத் தயாராக இருக்கும் மென்பொருள் கட்டு) எந்தப் பதிப்பு வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும். நிஜமாகப் புதுப்பிப்பது 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. பட்டியல் பழசாகிக் கிடந்தால், அதில் உள்ள பதிப்பு சர்வரிலேயே இல்லாமல் போய், நிறுவும்போது 404, அதாவது 'கோப்பு இல்லை' என்ற பிழை வந்து நிற்கும்.

பொதியின் பெயர் சரியாகத் தெரியாவிட்டால் 'ஆப்ட் சர்ச்', விவரம் வேண்டுமென்றால் 'ஆப்ட் ஷோ'. இரண்டுக்கும் சூடோ வேண்டாம். அப்புறம், உதாரணமாக விஎல்சி வீடியோ பிளேயர் வேண்டுமென்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி', அவ்வளவுதான்.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். புதிதாக எவை வரும், எவை நீக்கப்படும் என்று பட்டியல் போட்டுவிட்டு, தொடரலாமா என்று ஆப்ட் கேட்கும். ஆம், இல்லை என்பதற்கான ஒய், என் இரண்டில் பெரிய எழுத்தில் இருப்பது ஒய் என்பதால் வெறும் என்டர் தட்டினாலே சம்மதம்தான். ஒருமுறை பைத்தான்3 என்ற நிரல்மொழி பழசாக இருக்கிறதே, எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று 'ரிமூவ்' கொடுத்து, திரை நிறைய ஓடிய பட்டியலைப் படிக்காமல் என்டர் தட்டினேன். டெஸ்க்டாப்பின் பாதி பைத்தானை நம்பித்தான் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து போனது. அடுத்து பூட் செய்தபோது கறுப்புத் திரையில் லாகின் மட்டும்! வார், லாக், ஆப்ட் என்ற ஃபோல்டர்களுக்குள் வரிசையாகப் போனால் ஹிஸ்டரி.லாக் இருக்கும், நீக்கியதெல்லாம் அதில் பதிவாகியிருந்ததால் பார்த்துப் பார்த்துத் திரும்பப் போட்டேன். சந்தேகமாக இருந்தால் கட்டளையோடு ஹைபன் எஸ் சேர்த்துவிடுங்கள், ஒத்திகை மட்டும் பார்க்கும், எதையும் தொடாது.

'ரிமூவ்' அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும், 'பர்ஜ்' அவற்றையும் துடைத்துவிடும். யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் துணைப்பொதிகளுக்கு 'ஆட்டோரிமூவ்', அதிலும் பட்டியலைப் படித்துவிட்டுத்தான்.

லாக் (பூட்டு, ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல்கள் ஓடாமல் தடுப்பது) கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். லாக் கோப்பை அழிக்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். கரண்ட் போய் நிறுவல் பாதியில் நின்றிருந்தால் மட்டும் ஆப்ட்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் டிபிகேஜி கட்டளையை 'ஹைபன் ஹைபன் கான்ஃபிகர்', 'ஹைபன் ஏ' என்ற இரண்டு ஆப்ஷன்களோடு சூடோவில் ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும்.