மீட்டரில் இருப்பது சர்வீஸ் நம்பர் அல்ல

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நான்கு போர்ஷன். மாடிப்படிக்கு அடியில், சைக்கிள்களுக்குப் பின்னால், வரிசையாக நான்கு மீட்டர். குடிவந்த அன்று வீட்டுக்காரம்மா "மூணாவது உங்களுது" என்றார். அவர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார் என்று நான் கேட்கவில்லை. எட்டு மாதம், அதாவது நான்கு பில், பக்கத்துப் போர்ஷன்காரரின் ஏசிக்கு நான் பணம் கட்டினேன். என் இரண்டு ஃபேனுக்கும் டிவிக்கும் அவர் கட்டினார். கட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது, 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா, பாதி நேரம் அவருக்குப் பில்லே பூஜ்யம்தான்.

இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் தேவையில்லை. மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பக்கத்தில் 3200 என்று ஓர் எண் அச்சாகியிருந்தால், ஒரு யூனிட் ஓட அந்த விளக்கு 3200 தடவை மினுக்கும் என்று அர்த்தம். வீட்டில் ஏசியோ அயர்ன்பாக்ஸோ போட்டால் படபடவென்று அடிக்கும். உங்கள் வீட்டுக்குள் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கீழே போய்ப் பாருங்கள். எந்த மீட்டரில் மினுக்கல் நின்றதோ அதுதான் உங்களுடையது. மீட்டர் பெட்டியைத் திறப்பது, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம்.

மீட்டர் தெரிந்துவிட்டது. அப்புறம், பில் கட்டக் கேட்கும் சர்வீஸ் நம்பர். இங்கேதான் பெரும்பாலானவர்கள் மீட்டர்மேல் பார்கோடுக்குக் கீழே இருக்கும் நீளமான எண்ணை எழுதிக்கொண்டு போகிறார்கள். அது அந்தக் கருவியின் எண். மீட்டர் பழுதாகி வேறு மாட்டினால் அதுவும் மாறிவிடும். சர்வீஸ் நம்பர் இணைப்போடு ஒட்டியது, மீட்டர் மாறினாலும் மாறாது. 2024-ல் மின்வாரியக் கம்பெனியான டான்ஜெட்கோ பிரிந்து தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் வந்தபோதும் நம்பர் மாறவில்லை.

அந்த நம்பரை ஒரு முகவரி மாதிரிப் படிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் மண்டலம்: வட சென்னைக்கு 01, தென் சென்னைக்கு 09. அடுத்த மூன்று இலக்கம் உங்கள் பிரிவு அலுவலகம், அதாவது நாம் இபி ஆபீஸ் என்று சொல்வது. அதற்கடுத்த மூன்று பகிர்மானம், அதாவது அந்த அலுவலகத்தின் கீழ் வரும் உங்கள் பகுதி. கடைசியில் வருவதுதான் உங்கள் வீட்டு இணைப்பு. அது ஒரு இலக்கமாகவும் இருக்கலாம், நான்கு இலக்கமாகவும் இருக்கலாம். அதனால்தான் ஒருவருக்கு 10 இலக்கம், இன்னொருவருக்கு 12. "எனக்கு ரெண்டு நம்பர் குறையுதே" என்று பதறி நடுவில் பூஜ்யம் சேர்க்காதீர்கள்.

இருக்கிற பூஜ்யத்தை எடுக்கவும் கூடாது. பகிர்மானம் 007, இணைப்பு 45 என்றால் மீட்டர் பலகையில் பெயின்டில் 7-45 என்று எழுதியிருப்பார்கள். ரீடிங் எடுக்க வருபவருக்கு அது போதும், பில் கட்டும் ஆப்புக்குப் போதாது. முழு எண்ணுக்கு வெள்ளை அட்டையையோ பழைய ரசீதையோ பாருங்கள். அட்டை கிழிந்து மங்கியிருந்தால் 1-ஐயும் 7-ஐயும் ஊகிக்க வேண்டாம், பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வேளச்சேரியிலிருந்து பெரம்பூருக்குக் குடிவந்த என் நண்பர், ஆப்பில் சேமித்துவைத்திருந்த 09 நம்பரிலேயே ஒரு பில் கட்டிவிட்டார். பழைய வீட்டுக்காரருக்கு நல்ல லாபம்.

ஆப்பில் எண்ணைப் போட்டதும் ஒரு பெயர் வரும். நம்மில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை, தொகையைப் பார்த்துவிட்டு நேரே பின் நம்பருக்குப் போய்விடுகிறோம். வருவது உங்கள் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் காலமான தாத்தா பெயரோ, வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயரோ இன்றும் வரும். வீடு வாங்கியவர்கள் பெயர் மாற்றம் செய்துகொள்வது நல்லது, ஆனால் அதுவரை பில் கட்டத் தடையில்லை. யாரென்றே தெரியாத பெயர் வந்தால் மட்டும் நிறுத்துங்கள். தப்பாகக் கட்டிய பணம் அந்த இணைப்பின் கணக்கில் போய் உட்காரும், அதை மீட்க ரசீதோடு நீங்கள்தான் அலைய வேண்டும்.

"இன்று இரவு 9.30-க்கு உங்கள் கரண்ட் கட்" என்று ஏதோ ஒரு மொபைல் எண்ணிலிருந்து செய்தி வந்தால், அதில் உங்கள் சர்வீஸ் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அந்த எண்ணுக்குப் போன் போடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987-க்குப் போடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பாக்கி இணைப்பின் பேரில்தான் நிற்கும், முன்பு குடியிருந்தவர் பேரில் அல்ல. சாவி வாங்கும்போதே அந்த நம்பரைப் போட்டுப் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீட்டரில் அன்றைய ரீடிங்கை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான்கு மீட்டர் வரிசையில் இருந்தால், போட்டோவில் நான்கும் தெரியட்டும்.