உருளைக்கிழங்கு போடாத கோழிப் பிரட்டல்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று தெரிந்த கிழமையே எங்கள் வீட்டில் கோழிக்கறி நின்றுபோனது. பாவம் கோழி, அது என்ன செய்தது? அதில் மாச்சத்தே இல்லை. குழம்பு தடிக்கப் போடும் உருளைக்கிழங்கும், பக்கத்தில் குவிக்கும் தம்பலகாமத்து அரிசிச் சோறும்தான் சீனியை ஏற்றுகின்றன. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து. அந்த இரண்டையும் மாற்றினேன், கோழி திரும்ப வந்தது. மூன்று பேருக்கான அளவு இது.

அரைக் கிலோ கோழியைத் தோல் நீக்கி வாங்குங்கள். கறித்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, பாதித் தேசிக்காயின் புளி எல்லாம் பிசைந்து 15 நிமிடம் வையுங்கள். கடைத்தூளில் சிலர் அரிசியும் வறுத்துச் சேர்ப்பார்கள், பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுப் பெருஞ்சீரகம், நறுக்கிய வெங்காயம் ஒன்று, தட்டிய உள்ளி ஐந்து பல், ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை இலை போட்டு வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறமானதும் கோழியைப் போடுங்கள்.

புதிதாகச் சமைப்பவர்கள் தவறுவது இங்கேதான். அவசரப்பட்டுத் தண்ணீர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். ஐந்து நிமிடம் பிரட்டினால் கோழியே தண்ணீர் விடும். அப்புறம் மூடி, மெல்லிய நெருப்பில் 20 நிமிடம். அடிப்பிடிக்கிற மாதிரித் தெரிந்தால் மட்டும் ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம். பெரிய துண்டொன்றை எலும்பருகே குத்திப் பாருங்கள்: சிவப்பு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும்.

வெந்ததும் கால் கோப்பை தேங்காய் முதற்பால் விட்டு, திறந்தபடியே வற்றவிடுங்கள். உருளைக்கிழங்கு தரும் தடிப்பை இந்த வற்றலே தந்துவிடும். கடைசியில் இரண்டு கைப்பிடி முருங்கையிலை. நண்டுக்கறிக்குப் போடுவதுதானே, கோழிக்கும் நன்றாகவே ஒட்டுகிறது. இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

சோற்றுக்குப் பதில் கோவா (முட்டைக்கோஸ்) வறை. பொடியாக அரிந்த கோவாவைப் பச்சைமிளகாய், உப்பு, இரண்டு கரண்டி தேங்காய்ப்பூவோடு ஐந்து நிமிடம் வறுத்தால் சரி. அம்மா முதல் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து, “சோறு எங்கே?” என்றார். இப்போதும் இரண்டு கரண்டி சோறு கேட்பார், கொடுப்பேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சீனிக்குக் குளிசை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால், சீனி மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குறையுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் இறைச்சியின் அளவையும் கேளுங்கள்.

மிஞ்சியதை நம் திருகோணமலை வெக்கையில் வெளியே வைக்காமல் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நன்றாகச் சூடாக்கி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிரட்டினால் காலைச் சாப்பாடு. அம்மா அதற்கென்றே இரண்டு துண்டு ஒளித்து வைக்கிறார்.